திரைக்குப் பின்னால் இருந்து பார்த்த படம்

ராயபுரம்
9-7-1973, திங்கள் இரவு

கிருபை,

இதை யாரிடமும் காட்டாதே. கெஞ்சிக் கேட்கிறேன். உன் தங்கை தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறவள், அவளை முதலில் வெளியே அனுப்பு. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. கிழித்துப் போடாதே, கிழித்தால் யாராவது ஒட்டிப் படிப்பார்கள். தபாலில் அனுப்பினால் உன் அப்பா கடையிலேயே பிரித்துவிடுவார் என்றுதான் பூவம்மா அக்காவிடம் கொடுக்கிறேன். காலை ரயிலில் எண்ணூர் நண்டு கொண்டுவந்து எங்கள் தெருவில் விற்றுவிட்டுத் திரும்புகிறவள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. காகிதத்தில் கவிச்சி அடித்தால் பொறுத்துக்கொள்.

சமையலறையில் சிம்னி விளக்கைத் தணித்துவைத்து எழுதுகிறேன். யாராவது வந்தால் அல்ஜிப்ரா என்று சொல்வேன்.

நான் ஒரு படம் பார்த்தேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் தூக்கமே வராது போலிருக்கிறது. கடைசி பெஞ்சில் நீ, நான், சபீஹா மூன்று பேரும் வாரத்துக்கு ஒரு படம் சொல்லிக்கொள்வோமே. பார்த்தவள் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும், முடிவை மட்டும் சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டவளே நீதான். சபீஹா கல்யாணமாகி வாணியம்பாடி போய்விட்டாள். நீ எண்ணூரில். பெஞ்சில் இப்போது நான் தனியாக இருக்கிறேன்.

என் அண்ணன் இக்னேஷியஸ் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்காரர்கள் கிளப்பில் புரொஜெக்டர் ஓட்டுகிறான் அல்லவா? கப்பலுக்குக் கப்பல் படப்பெட்டி மாற்றிக்கொள்வார்களாம். சனிக்கிழமை வந்த பெட்டியில் வேற்றுபாஷைப் படம். என்ன பாஷை என்று அண்ணனுக்கே தெரியவில்லை. 'செம போர்மே, ஒரு பைட்டுகூட இல்ல' என்றான். அவன் போர் என்றால் அது நல்ல படம் என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் ஜெபக்கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

வாசலில் வாட்ச்மேன் தாமோதரன். பூவம்மா அக்காவின் வீட்டுக்காரர்தான். என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். 'இன்னா பாப்பா, கப்பக்காரனுங்க வர்ற எடத்துல உனக்கு இன்னா வேல? உங்க அண்ணன் பாத்தான்னா என் கத கந்தல்.' ஒரே ஒரு படம் என்று கெஞ்சினேன். 'பின்னால தாவாரத்துல போய்க் குந்து. சத்தம் வரக் கூடாது' என்று விட்டுவிட்டார்.

திரை என்றால் தூணுக்குத் தூண் கட்டிய வெள்ளைத் துணி. மாதா கோயில் திருவிழாவில் கூட்டம் நெரிந்தால் திரைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து பார்ப்போமே, அது மாதிரி நான் துணிக்குப் பின்னால். எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடியது. அதுவும் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி ஓடியதால் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. பாஷையும் தெரியாது. வெறும் முகங்களைப் பார்த்தே முழுப் படமும் பார்த்தேன்.

ஏதோ குளிர்ந்த ஊர். ஆற்றங்கரையில் ஒரு பெண் சலவைக்கடை வைத்திருக்கிறாள். நாற்பது வயது இருக்கும், அழகு என்று சொல்ல முடியாது. மாடி அறையை ஒருவனுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன், வாயே திறக்க மாட்டான். ஒரு நாள் ஆற்றில் ஒரு பணக்காரனின் பிணம் ஒதுங்குகிறது. அன்று அவள் துவைக்கும் துணிகளில் மாடிக்காரனின் கோட்டு வருகிறது. தண்ணீரில் முக்குகிறாள். தண்ணீர் நிறம் மாறுகிறது. அவ்வளவுதான். கத்தல் இல்லை, பின்னணியில் வயலின் இல்லை. அவள் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு கொட்டிவிட்டு வேறு தண்ணீர் எடுத்துவந்து மறுபடியும் துவைக்கிறாள்.

நம் படங்களில் மீசையைப் பார்த்ததும் கெட்டவன் யார் என்று தெரிந்துவிடும். இதில் அவன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினால் நல்லவன் மாதிரி இருக்கிறான், கத்தியைத் துடைத்து வைத்தால் கொலைகாரன் மாதிரி இருக்கிறான். கொலை எப்படி நடந்தது என்று கடைசி வரை காட்டவே இல்லை. அவள் என்ன செய்யப் போகிறாள் என்பதுதான் பயம். நீ எப்படியாவது இதைப் பார்க்க வேண்டும். இப்படிச் சொல்வது கொடுமை என்று தெரியும், உன் வீட்டில் ரேடியோவே கிடையாது. ஆனாலும் சொல்கிறேன். முடிவைச் சொல்லவில்லை.

படம் முடிந்து நான் வீடு வந்து சேர்ந்த பிறகு கிளப்பில் கப்பல் கயிறு அடுக்கிவைக்கும் கயிற்று அறை தீப்பிடித்து எரிந்ததாம். கீழ்வானம் சிவந்திருந்ததை எங்கள் தெருவே வெளியில் நின்று பார்த்தது. அண்ணன் புகைக்குள் போய் புரொஜெக்டரையும் படப்பெட்டியையும் தூக்கிவந்துவிட்டான். கிளப்பில் மாலை போட்டார்கள். நான் அங்கே இருந்தேன் என்று யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது.

ஐரீன்


எண்ணூர்
12-7-73

ஐரீன்,

கடிதம் நண்டோடு வந்தது. நான் பிரிக்கும்போது என் தங்கை, 'அக்கா, கடுதாசி கடிக்குமா?' என்றாள். அடுப்பில் போட்டுவிட்டேன், பயப்படாதே.

உனக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். போன வருஷம் டோல்கேட் பக்கத்துத் தியேட்டரில் என் அப்பா வந்து நின்றபோது நீ பக்கவாட்டுக் கதவு வழியாக ஓடிவிட்டாய். நான் கையில் முறுக்கோடு நின்றேன். அன்றிலிருந்து எனக்குப் பள்ளிக்கூடம் மாறியது, கடை மாறியது, ஊர் மாறியது. இங்கே மாடியில் துணி காயப்போட்டால் பவர்ஹவுஸ் சாம்பல் வந்து படிகிறது. ஒரே பாவாடையை இரண்டு தடவை அலசுகிறேன். உன் சலவைக்காரியை நினைத்துக்கொண்டேன், அது வேறு விஷயம்.

படத்தை நீ சொன்ன விதம் பிடித்திருக்கிறது. கோபமாக இருந்தாலும் பொய் சொல்ல மாட்டேன். முடிவைச் சொல்லிவிடு. நான் அந்தப் படத்தை இந்த ஜென்மத்தில் பார்க்கப் போவதில்லை, என்னிடம் சட்டம் பேசாதே. அவள் போலீசில் சொன்னாளா, இல்லையா?

இன்னொன்று. பூவம்மா அக்கா எங்கள் கடைக்கு வந்து அழுதாள். அவள் வீட்டுக்காரரைப் போலீஸ் பிடித்து வைத்திருக்கிறது. பீடியை அணைக்காமல் கயிற்று அறையில் போட்டுவிட்டார் என்று கேஸ். வேலையும் போய்விட்டது. 'அந்தாளு பீடி குடிக்கிறவன்தாம்மா, இல்லேங்கல. ஆனா அன்னிக்கு கேட்டாண்டதான் இருந்தேங்கிறான். பின்னால யாரோ குந்திகினு இருந்தாங்களாம், அவங்களக் கேட்டா தெரியும்ங்கிறான். யாருய்யான்னா வாயத் தொறக்க மாட்டேங்கிறான். அடி வாங்கினாலும் சொல்ல மாட்டானாம்' என்றாள். அப்பா அவளுக்கு அரைப்படி அரிசி கொடுத்து ஜெபம் பண்ணி அனுப்பினார்.

பின்னால் உட்கார்ந்திருந்தது யார் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். நீ என்ன பார்த்தாய்?

தேவகிருபை


ராயபுரம்
15-7-1973, ஞாயிறு இரவு

கிருபை,

முறுக்கு விஷயத்தை எத்தனை வருஷம் சொல்லிக் காட்டுவாய்? நான் ஓடியது தப்புதான். என் கால் தானாக ஓடியது.

முதலில் முடிவைச் சொல்கிறேன். போலீஸ்காரன் சலவைக்கடைக்கு வருகிறான். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ கேட்கிறான். அவள் ஒரு விரிப்பை மடிக்கிறாள். மடிக்கிறாள், நீவுகிறாள், மறுபடி பிரித்து மடிக்கிறாள். கிளப்பில் ஒருத்தரும் இருமக்கூட இல்லை. கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொல்கிறாள். போலீஸ்காரன் எழுந்து போய்விடுகிறான். அப்புறம் ஒரு குடிகாரப் படகுக்காரனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அன்று இரவு அவள் இரண்டு தட்டு வைக்கிறாள். மாடிக்காரன் இறங்கிவந்து சாப்பிடுகிறான், மெதுவாக ஏதோ பேசுகிறான். அவள் கரண்டியைக் கீழே வைக்கிறாள். அவன் மேலே போய்விடுகிறான். அவள் முகத்தோடு படம் முடிகிறது. கண்ணில் தண்ணீர் நிற்கிறது, விழவில்லை. அவனைக் காப்பாற்றிவிட்டாள் இல்லையா, அந்த நிறைவு. இப்படி ஒருவருக்காகப் பழியைச் சுமக்கிற மனசை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

இப்போது நீ கேட்டது.

மூன்றாவது ரீல் மாற்றிய பிறகு அண்ணன் பின்தாழ்வாரத்துக்கு வந்தான். புரொஜெக்டர் ஓடும்போது ஆபரேட்டர் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. அதனால்தான் யாரும் பார்க்காத இடத்துக்கு வந்தான். நான் அடுக்கிவைத்த நாற்காலிகளுக்குப் பின்னால் குனிந்துவிட்டேன். அவன் சிகரெட் பிடித்தான். உள்ளே ரீல் சத்தம் கொஞ்சம் மாறியது. உடனே சிகரெட்டைப் பக்கத்து ஜன்னல் வழியாக உள்ளே எறிந்துவிட்டு ஓடினான். அது கயிற்று அறை ஜன்னல். எறிந்தபோது அவன் பார்க்கவே இல்லை, கிருபை, வாழைப்பழத் தோல் எறிவதுபோல எறிந்தான். நானும் பெரிதாக நினைக்கவில்லை. படம் ஓடிக்கொண்டிருந்தது, நான் படத்தைப் பார்த்தேன். கயிறு உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

எல்லோரும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கம் இருந்தவள் நான் ஒருத்திதான்.

தாமோதரன் என் பேரைச் சொல்லாமல் அடி வாங்குகிறார் என்று நீ எழுதியதை நாலு தடவை படித்துவிட்டேன். ஆனால் யோசித்துப் பார். நான் வாய் திறந்தால் முதல் கேள்வி, அங்கே நீ எதற்குப் போனாய் என்பது. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், கோபம் வந்தால் கையில் பட்டது உடையும். என் படிப்பு அன்றோடு சரி. அண்ணனை இப்போது எல்லோரும் தைரியசாலி என்கிறார்கள். கிளப் செக்ரட்டரி சிபாரிசு செய்து துறைமுகத்தில் அவனுக்கு நிரந்தர வேலை கிடைக்கப் போகிறது. அப்பா ஞாயிறு பூசையில் முதல் வரிசையில் உட்கார்ந்தார், எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை. நான் சொன்னால் அண்ணன் ஜெயிலுக்குப் போவான்.

அவன் என் அண்ணன். டைபாயிடு வந்தபோது என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன். அந்தச் சலவைக்காரி யாரோ வாடகைக்காரனுக்காகச் சொன்னாள். நான் கூடப்பிறந்தவனுக்காகச் சும்மா இருக்கக் கூடாதா?

திங்கள் இரவு சேர்த்து எழுதுகிறேன். இன்று காலை பூவம்மா அக்கா கூடையில் இதை வைக்கப் போனபோது, மேலே உன் பேர் எழுத மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தேன். பொய். கொடுக்க முடியாமல் திரும்பி வந்தேன். நாளைக்குக் கொடுக்கப் பார்க்கிறேன்.

ஐரீன்


எண்ணூர்
19-7-73

ஐரீன்,

நான் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டேன்.

சிரிக்காதே. இங்கே புது பாக்டரியில் வெளிநாட்டு இன்ஜினியர்கள் தங்கும் பங்களாவுக்கு எங்கள் கடையிலிருந்துதான் சாமான் போகிறது. உங்கள் கிளப்பிலிருந்து படப்பெட்டியை இரவல் வாங்கி வந்திருக்கிறார்கள். சாமான் கணக்கை இங்கிலீஷில் சொல்ல அப்பா என்னைக் கூட்டிப்போனார். அந்த வீட்டு அம்மா எங்களை விடவில்லை, இரண்டு நாற்காலி போட்டு முன்னால் உட்காரவைத்துவிட்டாள். பெரிய வாடிக்கை, அப்பாவால் எழுந்து போக முடியவில்லை. 'ஏட்டி, கண்ண மூடிக்க. மூடிக்கிட்டு இருபத்திமூணாஞ் சங்கீதம் சொல்லு' என்று காதில் சொன்னார். நான் மூடவில்லை. அவர் மூடினார். கோட்டைத் துவைக்கும் இடம் வந்தபோது திரும்பிப் பார்த்தேன், ஒரு கண் திறந்திருந்தது. வரும் வழியில், 'அந்தப் பொம்பள செஞ்சது பாவம்' என்று மட்டும் சொன்னார். எதைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

நான் முன்னால் இருந்து பார்த்தேன், ஐரீன். எழுத்து நேராக ஓடியது. எல்லாம் படித்தேன்.

நீ சொன்ன படம் வேறு, நான் பார்த்த படம் வேறு. போலீஸ்காரன், அன்று இரவு அவர் வீட்டில் இருந்தாரா என்று கேட்கிறான். இருந்தார் என்கிறாள். அது வரை நீ சொன்னது சரி. சாப்பிடும்போது மாடிக்காரன் மெதுவாகப் பேசுகிறானே, அவன் நன்றி சொல்லவில்லை. 'நாளைக் காலை நானே போய்ச் சொல்வதாக இருந்தேன். இப்போது நான் சொன்னால் உங்களையும் பிடிப்பார்கள். இனிமேல் என்னால் சொல்லவே முடியாது.' இதுதான் அவன் சொன்னது. அதைக் கேட்டுத்தான் அவள் கரண்டியைக் கீழே வைக்கிறாள். அந்தக் கண்ணில் நின்றது நிறைவா? நீ முகத்தைப் பார்த்தாய், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ அவனைக் காப்பாற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பார்த்தாய்.

படகுக்காரனை நீ ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டாய். அவன் என்ன ஆனான் என்று படத்திலும் சொல்லவில்லை. படம் முடிந்ததும் எனக்கு அவன் ஞாபகமாகவே இருந்தது.

பூவம்மா அக்கா நேற்று உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு என் எதிரிலேயே வாசற்படியில் உட்கார்ந்தாள். ஜாமீனுக்கு ஆள் கிடைக்கவில்லையாம். 'படிம்மா படி, சிநேகிதக்காரி கடுதாசி, நான் பேஜார் பண்ணல' என்றாள். நான் உன் அண்ணன் சிகரெட் எறிந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன், அவள் என் கால்மாட்டில் நண்டுக் கூடையை அலசிக்கொண்டிருந்தாள். வாய்விட்டுப் படித்துக் காட்டிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். 'இன்னாம்மா?' என்றாள். ஒன்றுமில்லை என்றேன். உன்னைப் போலவே நானும் பின்வாங்கினேன், போதுமா?

நான் சொல்ல மாட்டேன். பார்த்தவள் நீ. திங்கட்கிழமை தாமோதரனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

உன் அண்ணனிடம் முதலில் பேசு. ஒருவேளை அவனும் அந்த மாடிக்காரன் மாதிரி தவித்துக்கொண்டு இருக்கலாம்.

கிருபை


ராயபுரம்
22-7-1973, ஞாயிறு இரவு

கிருபை,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

நீ சொன்னபடி அண்ணனிடம் பேசினேன். வெள்ளிக்கிழமை மொட்டை மாடியில் பனியன் காயவைத்துக்கொண்டிருந்தான். நான் அன்று திரைக்குப் பின்னால் இருந்தேன் என்றேன். கிளிப் மாட்டிய கை அப்படியே நின்றது. 'இன்னா பாத்த?' என்றான். சொன்னேன். அவன் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலாம்.

'நீ வாயத் தொறந்தா மொதல்ல உன்னத்தான் கேப்பாங்க, ஐரீன். கப்பக்காரனுங்க நடுவுல ராத்திரில உனக்கு இன்னா வேலன்னு. இந்தத் தெருவுல ஒருத்தன் உன்னக் கட்டுவானா? அப்பா மூஞ்ச தூக்கிகினு கோயிலுக்குப் போவாரா?'

தாமோதரன் என்ன தப்பு செய்தார் என்று கேட்டேன்.

'பீடி குடிக்கிறவன்தானே. கொஞ்ச நாளு உள்ள இருந்துட்டு வந்துருவான். குப்பத்துக்காரனுக்கு ஜெயிலு புச்சா? எனக்கு ஆர்டர் வரப் போவுது, தெரியுமில்ல?'

நான் காத்திருந்தேன், கிருபை. நீ எழுதியதை நினைத்துக்கொண்டு, இன்னும் ஏதாவது சொல்வான், நானே போய்ச் சொல்வதாக இருந்தேன் என்று சொல்வான் என்று நின்றேன். அவனும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தான். 'தல வலிக்குது. போய் டீ போடு' என்றான்.

அவன் படத்தில் வந்தவன் இல்லை. என்னைத் தோளில் தூக்கி ஓடியவனும் இவன்தான், அதுதான் எனக்குப் புரியவில்லை. டீ போட்டுக்கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன், அவன் அப்படியே குடித்தான்.

இரண்டு நாள் வீட்டில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நடந்தோம். நேற்று அம்மா, 'அண்ணனும் தங்கச்சியும் இன்னா காயா?' என்று கேட்டாள். அப்பா பேப்பரிலிருந்து தலை தூக்காமல், 'பெரிய ஆபீசர் ஆயிட்டாரில்ல, அதான் பேச மாட்டாரு' என்று அண்ணனைச் சீண்டினார். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார் தெரியுமா?

இன்று காலை பூசை முடிந்து பூவம்மா அக்கா தெருமுனையில் கூடையை இறக்கினாள். ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். நான் பக்கத்தில் போய் நின்றேன். 'இன்னாமே, கடுதாசி கீதா?' என்றாள். இல்லை அக்கா என்றேன். 'பின்ன நண்டு வாங்க வந்தியா? உங்கம்மா இப்பத்தான் வாங்கினு போச்சு, பேரம் பேசி என் உயிர எடுத்துட்டு.'

சொல்லிவிட்டேன். வாசலில் அவர் என்னை உள்ளே விட்டது, நாற்காலிக்குப் பின்னால் நான் குனிந்தது, அண்ணன், சிகரெட், ஜன்னல். எங்கேயும் நிறுத்தாமல், பாடம் ஒப்பிப்பதுபோல. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரியும்.

அவள் அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். எதிரில் நின்றவருக்கு நண்டை ஓலையில் கட்டிக் கொடுத்தாள், மீதிச் சில்லறையைக் கொடுத்தாள். அவர் போன பிறகு, 'நீயாமே அது?' என்றாள். 'நானும் எத்தினி வாட்டி கேட்டுட்டேன் அந்தாள. ஒரு பொம்பளப் புள்ள, பேரச் சொன்னா அது பொழப்பு கலீஜாயிடும், வுடுன்னாரு.'

சில்லறையை மடியில் முடிந்துகொண்டு, 'நான் தூக்கினு போன கடுதாசில இதுவும் இருந்துச்சா?' என்று கேட்டாள்.

இருந்தது அக்கா என்றேன்.

'என் கூடையில' என்றாள். கூடையில் கிடந்த ஈரச் சாக்கை எடுத்துப் பிழிந்தாள், பிழிந்து முடிந்த பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஆனால் நின்றேன். இந்தத் தடவை நின்றேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

பிறகு அவள் எழுந்து கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். பாதி நண்டு அப்படியே இருந்தது. 'நாளைக்குக் கோர்ட்டு. எங்க வக்கீலு குமாஸ்தா பக்தவச்சலம்னு ஒருத்தரு கீறாரு, நல்ல மனுசன். ராத்திரி அவர இட்டுகினு உங்க வூட்டாண்ட வர்றேன். உங்க நைனா முன்னால, உங்கண்ணன் முன்னால இதே மாதிரி சொல்லுவியா? என்னாண்ட சொன்னா நான் இன்னா பண்றது? நான் அந்தாளு பொண்டாட்டி, நான் சொன்னா எவன் நம்புவான்?'

சொல்வேன் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் சொல்வேனா மாட்டேனா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, கிருபை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தடவை எழுதிப் பார்த்துவிட்டால் வாய் வரும் என்று நினைத்தேன். 'அப்பா, நான் கப்பல்காரர்கள் கிளப்புக்குப் படம் பார்க்கப் போனேன்.' இந்த ஒரு வரியைத் தாண்டிவிட்டால் மீதி வந்துவிடும். அண்ணனை விட இந்த வரிதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வெட்கமாக இல்லையா என்று நீ கேட்பாய். இருக்கிறது.

அண்ணனுக்கு ஏதோ சந்தேகம். தினமும் மாடியில் படுப்பவன் இன்று வாசற்கதவை ஒட்டிப் பாய் போட்டுப் படுத்திருக்கிறான். தூங்கவில்லை, புரளும் சத்தம் கேட்கிறது. அப்பா குறட்டை விடுகிறார். நேரமாகிவிட்டது, குமாஸ்தா வர மாட்டேன் என்று சொல்லியிருப்பார் என்று ஒரு மனசு சொல்கிறது. வராமல் போனால் நல்லது என்று இன்னொரு மனசு நினைக்கிறது, அதையும் உனக்கு மறைக்காமல் எழுதிவிடுகிறேன். வராவிட்டால் விடிந்ததும் நானே கோர்ட்டுக்குப் போக வேண்டும். எந்தப் பஸ் என்றுகூட

கதவு தட்டுகிறார்கள்.

அண்ணன் எழுந்துவிட்டான். தாழ்ப்பாளைத் திறக்காமல் யாரு என்று கேட்கிறான். பூவம்மா அக்கா குரல், கூட ஒரு ஆம்பளைக் குரல். எல்லாரும் தூங்கறாங்க, காலைல வான்னு மெதுவாகச் சொல்கிறான். மறுபடி தட்டுகிறார்கள். அப்பாவின் குறட்டை நின்றுவிட்டது. அண்ணன் திரும்பி என்னைப் பார்க்கிறான், வேணாம் என்று தலையை ஆட்டுகிறான். கிருபை, நான் போய்த் திற